34 மீற்றரா, 70 மீற்றரா? கச்சான் காற்றில் ஒரு போத்தல் ரொக்கெட்

லண்டனில் இருந்து வந்த மச்சான் என் மருமகனுக்கு ஒரு மாதிரி ரொக்கெட் பெட்டி கொண்டுவந்திருந்தார். உள்ளே ஒரு காகிதக் குழாய், பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு, பல்சா பலகையில் அச்சு வெட்டிய மூன்று செட்டைகள், 30 செ.மீ. பரசூட், ரப்பர் நாடா, ஒரு வழிமுறைத் தாள். மோட்டர் இல்லை. அது கறுப்பு வெடிமருந்து அடைத்த காகிதக் குழல். விமானத்தில் பயணப் பையில் கொண்டுவர விடமாட்டார்கள். இங்கே இலங்கையிலும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதை வைத்திருக்க முடியாது. மருமகன் தரம் 10 படிக்கிறான். பெட்டியைத் திறந்ததும் அவன் கேட்டது, "மாமா, மோட்டர் இல்லாம இது எவ்வளவு உயரம் போகும் எண்டு கண்டுபிடிக்கலாமா?" இந்த வேலை முழுவதும் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

பட்டாசைப் பிரித்து மருந்து எடுத்து மோட்டர் செய்கிற யோசனை யாருக்காவது வந்தால், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். கையும் கண்ணும் போன பிள்ளைகளின் கதை எல்லா ஊரிலும் இருக்கிறது.

முதலில் பெட்டியில் இருந்ததைக் கட்டினோம். குழாயின் வெளி விட்டம் 24.8 மி.மீ., முழு நீளம் 31 செ.மீ. செட்டை வைக்கும் இடங்களைக் குறிக்க ஒரு கடதாசிப் பட்டியைக் குழாயில் சுற்றினோம். சுற்றளவு 78 மி.மீ. வந்தது, அதை மூன்றாகப் பிரித்தால் 26. நீளக் கோடு இழுக்கக் கதவு நிலையின் மூலைதான் நல்ல கருவி. குழாயை அந்த மூலையில் சாத்தி, நிலையின் விளிம்போடு பென்சிலை இழுத்தால் கோடு வளையாது. பல்சாவில் நார் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். நார் செட்டையின் முன்விளிம்புக்கு இணையாக, உடலில் இருந்து வெளிப்பக்கமாக ஓட வேண்டும். குழாயின் நீளத்துக்கு ஓடினால் இறங்கும்போது நிலத்தில் தட்டி அடியோடு முறிந்துவிடும்.

பசைக்கு பைண்டர் கம். இரு பக்கமும் மெல்லிதாகப் பூசி, காயவிட்டு, மறுபடி ஒரு துளி வைத்து ஒட்டினால் பிடி இறுகும். எங்கள் வீடு திருமலையில் உப்புவெளிப் பக்கம், கடலில் இருந்து நடை தூரம். உப்புக் காற்றில் பல்சா ஈரம் குடித்து ஒரு செட்டை இரவோடு இரவாக லேசாக வளைந்துவிட்டது. கழற்றி, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, மேலே புத்தகப் பாரம் ஏற்றி ஒரு நாள் விட்டோம். அப்புறம் மண்தாளால் தேய்த்து, நிறம் பூசினோம். இரண்டு தரம் பூசியது பிழை என்று பிறகு தெரிந்தது.

சிமுலேஷனுக்கு, அதாவது கணினியில் பறக்கவிட்டுப் பார்க்க, எடுத்துக்கொண்டது ஓப்பன் ரொக்கெட் என்ற மென்பொருள். இலவசம். பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சம்போ நிஸ்கானன் 2009இல் தன் முதுகலை ஆய்வுக்காக எழுதியது. செட்டை, கூம்பு, குழாய் அளவுகளைக் கொடுத்தால் அமுக்க மையம், அதாவது காற்றின் விசை மொத்தமாகத் தாக்கும் புள்ளி, எங்கே விழும் என்று சொல்லும். ஜேம்ஸ் பாரோமன் 1966இல் மாதிரி ரொக்கெட் செய்பவர்களுக்கு எளிதாக்கிக் கொடுத்த கணக்கை விரித்துத்தான் அது வேலை செய்கிறது. புவியீர்ப்பு மையம் அமுக்க மையத்துக்கு முன்னால், குழாய் விட்டத்தின் ஒரு மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் ரொக்கெட் தலை சுற்றும். மிகக் கூடினால் காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு ஓடும். இந்த இரண்டாவது விசயத்தைத் திரையில் வாசித்துவிட்டுக் கடந்து போனேன். பிறகு வயலில் வைத்துத்தான் அதன் பாரம் விளங்கியது.

எடையில்தான் முதல் பாடம். வழிமுறைத் தாளில் 34 கிராம் என்று இருந்தது. எங்கள் தராசில் 39. கூடிய 5 கிராமும் பெரும்பாலும் செட்டைப் பக்கத்துப் பசையும் நிறமும். சிமுலேஷனில் எடைக்கு மேலெழுத ஒரு இடம் இருக்கிறது. ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து அதில் போட்டோம். மோட்டரின் இடத்துக்கு ஒரு பொய் மோட்டர் செய்தோம்: 18 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம், கடதாசிக் குழல், உள்ளே கடற்கரை மணல், மொத்தம் 24 கிராம். எஸ்டெஸ் கம்பனியின் சி6-5 மோட்டர் கிட்டத்தட்ட அந்த எடைதான். அதைச் சொருகி, அளவுகோலின் விளிம்பில் ரொக்கெட்டைச் சமன் செய்து பார்த்தால், புவியீர்ப்பு மையம் கணினி சொன்னதைவிட 6 மி.மீ. பின்னால். நிலைப்பு அளவு, அதாவது அந்த இரண்டு மையங்களின் இடைவெளி, விட்டத்தின் 1.6 மடங்கில் இருந்து 1.36க்கு இறங்கியது. பறக்கும், ஆனால் இன்னொரு பூச்சுக்கு இடமில்லை.

சி6-5இல் உள்ள 6 என்பது சராசரி உதைப்பு 6 நியூட்டன், 5 என்பது எரிந்து முடிந்து 5 செக்கன் கழித்துப் பரசூட்டைத் தள்ளும் என்பது. கணினிப் பறப்பில் உயரம் ஏறத்தாழ 310 மீற்றர் வந்தது. மருமகன் கையைத் தட்டினான். நான் காற்று என்ற பெட்டியில் செக்கனுக்கு 6 மீற்றர் என்று போட்டேன். ஆடி மாதத்தில் திருமலையில் கச்சான் வீசும்போது அது பெரிய காற்றே இல்லை. பரசூட்டில் செக்கனுக்கு 4 மீற்றர் அளவில் இறங்கினால் 310 மீற்றருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டும். அந்த நேரத்தில் காற்று அதை அரைக் கிலோமீற்றர் கொண்டுபோகிறது. கச்சான் மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வருவது; கடற்கரையில் இருந்து விட்டால் இறங்குகிற இடம் கடல். மோட்டர் கையில் இருந்திருந்தால் முதல் நாளே அது மீனுக்குப் போயிருக்கும். அதைவிடச் சிறிய ஏ8-3 மோட்டரைப் போட்டுப் பார்த்தோம்: 70 மீற்றர் உயரம், 110 மீற்றர் தள்ளல். ஒரு நாள் உரிமத்தோடு, முறையாக மோட்டர் கிடைத்தால் அதில்தான் தொடங்க வேண்டும் என்று கொப்பியில் எழுதி வைத்தோம்.

ஆனால் கணினியில் மட்டும் பறப்பதில் ஒரு பிள்ளைக்கு எத்தனை நாள் திருப்தி வரும்? வெடிமருந்து இல்லாமல் உண்மையாகப் பறக்கக்கூடியது தண்ணீர் ரொக்கெட். ஓப்பன் ரொக்கெட்டில் தண்ணீர் மோட்டர் கிடையாது. அதற்கு உதைப்பு வரைபடத்தை நாங்களே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தப் பகுதியில்தான் எனக்கு மிகப் பிடித்த வேலை இருந்தது.

1.5 லீற்றர் சோடாப் போத்தல். வாய் உள்விட்டம் 21.7 மி.மீ., அதாவது 3.7 சதுர செ.மீ. பரப்பு. 60 பி.எஸ்.ஐ. அமுக்கம் என்றால் 414 கிலோ பஸ்கால். தண்ணீர் வெளியேறும் வேகம் என்பது அமுக்கத்தின் இரு மடங்கை அடர்த்தியால் வகுத்து எடுத்த வர்க்கமூலம்: செக்கனுக்கு 28.8 மீற்றர். அந்த வேகத்தையும் செக்கனுக்கு வெளியேறும் தண்ணீரின் திணிவையும் பெருக்கினால் வேகம் இரண்டு முறை வந்து வர்க்கமூலம் மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது அமுக்கம் தர பரப்பு தர இரண்டு. தொடக்கத்தில் 306 நியூட்டன். 31 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும் விசை! போத்தல், மூக்கு, செட்டை எல்லாம் சேர்த்து 150 கிராம், தண்ணீர் 500 கிராம். மருமகன் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பிழை என்று நினைத்து. பிழை இல்லை. ஆனால் தண்ணீர் வெளியேற உள்ளே காற்று விரிந்து அமுக்கம் விழுகிறது. முழுத் தண்ணீரும் 0.06 செக்கனுக்குள் போய்விடுகிறது. கண் ஒருமுறை இமைக்கிற நேரம்கூட இல்லை.

எக்செலில் 0.005 செக்கனுக்கு ஒரு வரி வைத்து, ஒவ்வொரு வரியிலும் மிச்சத் தண்ணீர், காற்றின் கனவளவு, அமுக்கம், உதைப்பு என்று இறக்கினோம். காற்று திடீரென விரிவதால் குளிர்கிறது. அதனால் அமுக்கம் கனவளவுக்கு நேர்மாறாக விழாமல் இன்னும் வேகமாக, 1.4 அடுக்கில் விழுகிறது. தண்ணீர் முடிந்த பிறகு மிச்சக் காற்றும் ஒரு உதை கொடுக்கும், அதைச் சேர்த்தோம். நேரமும் உதைப்பும் கொண்ட இந்தச் சோடிகளை ஒரு எளிய எழுத்துக் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி, தலைவரியில் விட்டம், நீளம், எரிபொருள் எடை, மொத்த எடை போட்டு, கடைசி வரியின் உதைப்பை 0 ஆக்கினால் மென்பொருள் அதை மோட்டராக ஏற்றுக்கொள்ளும். எரிபொருள் என்ற இடத்தில் அரைக் கிலோ தண்ணீர். நீளம் என்ற இடத்தில் தண்ணீர் போத்தலில் நிற்கும் உயரம், 130 மி.மீ. மோட்டரின் எடை அதன் நடுவில் இருப்பதாக மென்பொருள் எடுத்துக்கொள்வதால் நீளம் பிழையானால் புவியீர்ப்பு மையமும் பிழையாகும்.

தண்ணீர் அளவை மாற்றி ஓட்டினோம். 300 மி.லீ. போட்டால் 45 மீற்றர், 500க்கு 48, 750க்கு 42. போத்தலில் மூன்றில் ஒரு பங்கு என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதில் நேராகத் தெரிகிறது. தண்ணீர் கூடினால் அதைத் தள்ளக் காற்று போதாது. குறைந்தால் தள்ளுவதற்குப் பொருள் போதாது.

கட்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூக்குக்கு இன்னொரு போத்தலின் தோள், அதன் நுனியில் பாதியாக வெட்டிய டெனிஸ் பந்து. பந்து விழும்போது மெத்தையாகவும் இருக்கும், மூக்குக்கு வேண்டிய 28 கிராமையும் கொடுக்கும். செட்டைக்குக் கடதாசி மட்டை ஒரே பறப்பில் ஊறிப்போகும். உள்ளே குழாய் குழாயாக இருக்கும் பிளாஸ்டிக் மட்டையை வெட்டினோம். அமுக்கம் தாங்கும் போத்தலை மண்தாளால் தேய்க்கவோ சுப்பர் குளு பூசவோ கூடாது, வெடிப்பு விழும். இரட்டைப் பக்க நாடாவால் ஒட்டினோம். ஏவுதளம் அரை அங்குல எஸ்லோன் பைப், ரப்பர் வளையம், போத்தல் கழுத்தைப் பிடிக்கச் சுற்றிவர பிளாஸ்டிக் கட்டுப்பட்டிகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் பெரிய பைப் துண்டு, அதை இழுக்க 8 மீற்றர் கயிறு. அமுக்கத்துக்குச் சைக்கிள் பம். பறக்கவிட முதல், போத்தலை வாய்வரை தண்ணீரால் நிரப்பி 90 பி.எஸ்.ஐ. ஏற்றிப் பார்த்தோம். தண்ணீர் சுருங்காது, அதனால் போத்தல் உடைந்தாலும் சிதறாது. இந்தச் சோதனையை ஒருபோதும் விடாதீர்கள்.

இடம், சாம்பல்தீவுப் பக்கம் பெரும்போகம் வெட்டிய பின் தரிசாகக் கிடந்த வயல். கிராம உத்தியோகத்தரிடமும் பொலிஸிலும் முன்கூட்டியே சொன்னோம். சீனன்குடாவில் விமானத்தளமும் துறைமுகத்தில் கடற்படையும் இருக்கிற ஊரில், வானத்தில் எதை விட்டாலும் சொல்லிவிட்டு விடுவதுதான் முறை. வயலைச் சுற்றியிருந்த வீடுகளுக்கும் போய்ச் சொன்னோம். போத்தல் கழரும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். திடீர்ச் சத்தத்துக்குப் பதறுகிற ஆட்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு ஆச்சி, "எத்தின மணிக்கு எண்டு சொல்லிப்போட்டு விடுங்க தம்பி, நான் வாசல்ல வந்து இருக்கிறன்" என்றார். சொன்ன நேரத்துக்கு வந்து இருந்தார்.

முதல் நாள் காலை. கைபேசி வானிலையில் மேற்குக் காற்று மணிக்கு 22 கி.மீ. மருமகன் ஏவுதளத்தில் இருந்து கிழக்கே 50 மீற்றர் தள்ளி, சூரியனை முதுகுக்கு வைத்து நின்றான். கையில் பாகைமானி, நூல், நுனியில் ஒரு நட், மேலே ஸ்ட்ரோ. நான் கயிற்றை இழுத்தேன். தண்ணீர் வெள்ளையாக அடித்து, போத்தல் ஏறிப் போனது. உச்சியில் கோணம் 33 பாகை. அதன் தான்சன் 0.649, 50ஆல் பெருக்கிக் கண் உயரம் 1.5ஐக் கூட்டினால் 34 மீற்றர்.

கணினி சொன்னது 48.

இரவு இருந்து காற்றுத்தடையைத் திருத்தினேன். தடைக் குணகம் 0.5 என்றிருந்ததை மேலெழுதிக் கூட்டிக்கொண்டு போனேன். 1.0 ஆக்கியபோது 35 மீற்றர் வந்தது. சரி, பொருந்திவிட்டது என்று படுத்தேன். வழுவழுப்பான போத்தலுக்கு, உருண்டை மூக்குக்கு, தடை இரண்டு மடங்காக என்ன காரணம் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எண் பொருந்தியதில் மனம் அடங்கிவிட்டது.

இரண்டாவது முறை பின்னேரம் போனோம். கச்சான் பலமாக இருந்ததால் கடற்காற்று எழும்பவே இல்லை; காற்று முதல் நாள் காலை போலவே மேற்கில் இருந்து. சூரியன் மேற்கே போய்விட்டதால் மருமகன் இந்த முறை மேற்குப் பக்கம் 50 மீற்றரில் நின்றான். அதே போத்தல், அதே தண்ணீர், அதே 60 பி.எஸ்.ஐ. கோணம் 54 பாகை. கணக்குப் போட்டால் 70 மீற்றர்.

"மாமா, இது பிழை. அண்டைக்குப் போனதைவிட இரண்டு மடங்கு போகயில்ல. எனக்குத் தெரியும், நான் பாத்தனான்."

அவன் சொன்னது சரி. கண்ணுக்கு இரண்டு பறப்பும் ஒரே மாதிரித்தான் இருந்தன. வரப்பில் இருந்து மண்ணில் கீறிப் பார்த்தோம். 34, 70. என்ன மாறியது? அவன் நின்ற பக்கம் மட்டும். கீறிய படத்தில் ரொக்கெட்டைக் கொஞ்சம் மேற்கே சாய்த்து வரைந்ததும் இரண்டு கோணமும் ஒரே புள்ளியில் வந்து சந்தித்தன. என் தொழிலே நில அளவைப் படம் வரைவது. ஒரு புள்ளியில் இருந்து கோணம் எடுத்தால் பொருள் நேர் மேலே நிற்கிறது என்ற நிபந்தனையின் பேரில்தான் அந்த உயரம் செல்லும். நிலத்தில் ஒருநாளும் விடாத பிழையை வானத்தில் விட்டிருந்தேன்.

ரொக்கெட் ஏவு குழாயை விட்டுப் பிரியும்போது அதன் வேகம் செக்கனுக்கு 10 மீற்றர் அளவுதான். பக்கத்தில் இருந்து 6 மீற்றரில் காற்று அடிக்கிறது. செட்டைகள் பின்பக்கத்தைக் காற்றோடு தள்ள, மூக்கு காற்று வரும் மேற்கே திரும்புகிறது. உதைப்பின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது, அந்தச் சாய்ந்த திசையில். திரையில் வாசித்துவிட்டுக் கடந்துபோன வரி இதுதான். கிழக்கே நின்றவனை விட்டு ரொக்கெட் விலகிப் போனது, கோணம் குறைந்தது. மேற்கே நின்றவனை நோக்கி வந்தது, கோணம் கூடியது.

மூன்றாவது முறை ஒரே பறப்புக்கு இரண்டு பேர். ஏவுதளத்துக்குக் கிழக்கே 50 மீற்றரில் மருமகன், மேற்கே 50 மீற்றரில் என் தங்கை. மூன்றும் காற்றின் திசையில் ஒரே கோட்டில். கயிறு இழுக்க நான். கிழக்கே 33, மேற்கே 54. இரண்டு கோணங்களின் கோதான்சனைக் கூட்டினால் 1.540ம் 0.727ம், மொத்தம் 2.267. இரண்டு பேருக்கும் இடைப்பட்ட 100 மீற்றரை அதனால் வகுத்தால் 44.1. கண் உயரத்தோடு 45.6 மீற்றர். உச்சி ஏவுதளத்துக்கு 18 மீற்றர் மேற்கே.

வீட்டுக்கு வந்து தடைக் குணகத்தின் மேலெழுத்தை அழித்து, பழையபடி 0.5க்கு விட்டு, காற்றை 6 மீற்றர் போட்டு ஓட்டினோம். உயரம் 45, மேற்கே 19 மீற்றர். தங்கைதான் திரையை முதலில் வாசித்தாள்.

முதல் நாள் எடுத்த காணொளியிலும் சான்று இருந்திருக்கிறது. கயிறு இழுத்ததில் இருந்து உச்சி வரை சட்டகங்களை மருமகன் எண்ணினான்: 81. செக்கனுக்கு 30 என்றால் 2.7 செக்கன். தடை 0.5 என்றால் கணினி 2.8 சொல்கிறது, நான் திருத்திய 1.0க்கு 2.3. அன்றிரவே எண்ணிப் பார்த்திருந்தால் ஒரு வாரம் மிச்சம். இப்போது எந்தப் பறப்பிலும் இரண்டு கோணங்களும் உச்சி நேரமும் எழுதாமல் கொப்பியை மூடுவதில்லை.

சரியாகாத வேலை பரசூட். வெடிமருந்து மோட்டரில் அதைத் தள்ள ஒரு சிறு வெடி இருக்கிறது, போத்தலில் இல்லை. மூக்கைத் தளர்வாக வைத்து, உச்சியில் தானாகக் கழரட்டும் என்று விட்டோம். மூன்று பறப்பில் ஒருமுறைதான் விரிந்தது. மற்ற இரண்டிலும் டெனிஸ் பந்துதான் போத்தலைக் காப்பாற்றியது. ஒரு செட்டை மடிந்தது, அவ்வளவுதான். விளையாட்டுக் காரில் இருந்து கழற்றிய சாவி கொடுக்கும் பொறியை 2.8 செக்கனுக்குப் பிறகு ஒரு ரப்பர் வளையத்தை விடுவிக்க வைக்கலாமா என்று மருமகன் இப்போது மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பொறி 11 கிராம். மூக்கில் அதை எங்கே வைத்தால் நிலைப்பு அளவு எவ்வளவு மாறும் என்பதை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு வா என்றிருக்கிறேன்.